சுரங்க முதலாளியும் சூப்பர்மேனும்

சூப்பர் ஹீரோக்களையே கெட்டவர்களாகக் காட்டும் 'தி பாய்ஸ்' டிவி தொடர் வந்ததிலிருந்து நம்ம டைம்லைனில் ஒரே பல்லவி: "இதுவரைக்கும் சூப்பர் ஹீரோன்னா குழந்தைங்க சமாச்சாரம். இப்பதான் அதிகாரம், பணம், அரசியல் எல்லாம் பேச ஆரம்பிச்சிருக்காங்க." கமெண்ட்டில் பதில் போட்டுப் பார்த்தாச்சு, அதில் அடங்குகிற விஷயமாகத் தெரியவில்லை. அதனால் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பிறந்ததே முதலாளியோடு மல்லுக்கு நின்றுதான். பிற்பாடு அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். 'சக்தி கையில் கிடைத்தால் மனுஷன் கெட்டுப்போவான்' என்று இன்று நாம் கொண்டாடும் கதைகளில் பாதி, 1938-இல் கேட்ட கேள்வியைவிட யாருக்கும் வலிக்காத கேள்வியைத்தான் கேட்கின்றன.

1938-இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழை எடுங்கள், சூப்பர்மேன் முதன்முதலில் வந்தது அதில்தான். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். இருவரும் கிளீவ்லாந்தில் வளர்ந்தவர்கள், பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பெருமந்தம் என்ற 1930-களின் பொருளாதாரச் சரிவு நாட்டை இன்னும் விட்டபாடில்லை. அந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். அவன் பலத்தைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல் கிடையாது, வேற்றுக்கிரக வில்லன் கிடையாது. முதல் பக்கத்திலேயே 'ஒடுக்கப்பட்டோரின் காவலன்' என்று பட்டம் மட்டும் உண்டு. நடுராத்திரி கவர்னர் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போய், செய்யாத குற்றத்துக்குச் சாகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். பெண்டாட்டியை அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான். கடைசியில் வாஷிங்டன். அங்கே ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்டு நாட்டை ஐரோப்பியச் சண்டையில் இழுத்துவிடப் பார்க்கும் தரகன் மாட்டுகிறான். இரண்டாம் இதழில், தரகனுக்குப் பின்னால் இருக்கும் ஆயுத முதலாளி. அவன் விற்கிற குண்டுகள் எந்தப் போர்க்களத்துக்குப் போகின்றனவோ, அங்கேயே அவனைச் சிப்பாயாகச் சேரவைக்கிறான் சூப்பர்மேன். தலைக்குமேல் குண்டு விழுந்ததும் ஐயாவுக்கு வியாபாரம் கசந்துபோகிறது.

மூன்றாம் இதழ்தான் என் செல்லம். ஒரு சுரங்கம் இடிந்து ஒரு தொழிலாளி உள்ளே மாட்டிக்கொள்கிறார். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷத்தில் இறங்கி மீட்கிறான். உயிர் பிழைக்கிறது, உடம்பு முடமாகிவிடுகிறது. தன் இன்னொரு முகமான நிருபர் கிளார்க் கென்ட்டாகப் போய் அவரிடம் கேட்டால், சுரங்கம் ஆபத்தானது என்று மாசக்கணக்காகத் தெரியும் என்கிறார். சொன்னால் மேஸ்திரி சொல்வது ஒன்றுதானாம்: பிடிக்கலைன்னா வேலையை விட்டுப் போ. அந்தத் தொழிலாளியின் பெயர் கிழக்கு ஐரோப்பியப் பெயர், பேசுவது உடைந்த ஆங்கிலம். வந்தேறிக் கூலி என்று படிப்பவனுக்குச் சட்டென்று புரியும். அதே நிருபர் அடுத்து முதலாளி பிளேக்லியிடம் போகிறான். ஆபத்தெல்லாம் ஒன்றுமில்லை, இருந்தாலும் அதனால் என்ன, நான் தொழில் பண்ணுகிறேன், தர்மசத்திரம் நடத்தவில்லை என்கிற தோரணையில் பதில் வருகிறது.

அப்புறம் வரும் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பங்களாவில் விருந்து. கோட்டும் சூட்டும் நகையுமாகக் கூட்டம். அதற்குள் அழுக்குச் சட்டையோடு நுழைகிறான் நம் ஆள். பிளேக்லிக்கு ஒரு குஷி வருகிறது: மிச்ச விருந்தைச் சுரங்கத்துக்குள் வைத்துக்கொண்டால் என்ன? சீமான்களும் சீமாட்டிகளும் சிரித்துக்கொண்டே கீழே இறங்குகிறார்கள். உள்ளே போனதும் சூப்பர்மேன் மேற்கூரையைச் சரித்து வழியை அடைக்கிறான். அபாய மணி வேலை செய்யவில்லை. பாதுகாப்புக் கருவிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வேறு வழியில்லாமல் விருந்தாளிகளே கோட்டைக் கழற்றிவிட்டு மண்ணைத் தோண்ட ஆரம்பிக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கிச் சாய்கிறார்கள்.

இந்தக் கதையின் பெரும்பகுதியில் அவன் தொழிலாளி உடுப்பில்தான் இருக்கிறான். நீலச் சட்டை, சிவப்பு அங்கி எதற்கும் வேலையில்லை. அவன் செய்வது ஒன்றுதான்: மேலே இருப்பவனைக் கீழே இறக்கி, கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கவைப்பது. முடிவு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பிளேக்லி மனம் மாறி, இனி என் சுரங்கம்தான் நாட்டிலேயே பாதுகாப்பான சுரங்கம் என்று வாக்குக் கொடுக்கிறான். முதலாளி மனசு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா? தொழிற்சங்கம் என்ற ஒன்று கதையில் தலைகாட்டவே இல்லை. ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, 1937 பிப்ரவரியில் கம்பெனியைப் பணியவைத்திருந்தார்கள். அது நடந்த அடுத்த வருஷம் வந்த கதை இது! ஒரு ஆள் தனியாக வந்து காப்பாற்றுவான் என்பது இந்த வகைக் கதைக்குப் பிறவிக் குணம் போலிருக்கிறது.

எட்டாம் இதழ் இன்னும் விவகாரமானது. சேரிப் பையன்கள் திருட்டுக்குப் போகிறார்கள். குற்றம் பையன்கள்மேல் இல்லை, அவர்கள் வளரும் இடத்தின்மேல்தான் என்று முடிவு கட்டுகிறான் சூப்பர்மேன். புயலில் அழிந்த ஊரை அரசாங்கம் புதிதாகக் கட்டித் தந்த செய்தி அவன் கண்ணில் படுகிறது. உடனே மொத்தச் சேரியையும் இடித்துத் தள்ளுகிறான்! தடுக்க வந்த ராணுவ விமானங்களின் குண்டுகளையே அதற்குப் பயன்படுத்திக்கொள்கிறான். அரசாங்கம் வேறு வழியில்லாமல் நல்ல குடியிருப்பு கட்டுகிறது. 1939-இல் ஒரு பத்து சென்ட் புத்தகத்தில் இவ்வளவு துணிச்சல். ஆனால் அங்கே குடியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டானா? 'மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்' என்பதோடு சரி. ஏழைக்கு நல்லது செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏழையின் வீட்டை இடிப்பது. அதிகார துஷ்பிரயோகம் பற்றிய முதல் சூப்பர்மேன் கதை என்று, எழுதியவர்களே நினைத்துப் பார்க்காத அர்த்தத்தில், இதைத்தான் நான் சொல்வேன்.

சரி, பல்லை யார் பிடுங்கினார்கள்? முதலில் வெற்றி. 1940-இல் ரேடியோ நாடகம், 1941-இல் கார்ட்டூன் படம், கூடவே பொம்மை வியாபாரம். இவ்வளவு பணம் கொட்டும் சரக்கு கவர்னர் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டிருந்தால் எந்தக் கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கும்? போர் வந்தபோது அவன் தேசபக்தனானான். பிறகு பைத்தியக்கார விஞ்ஞானிகள், ரோபோக்கள். 1954-இல் வந்த காமிக்ஸ் கோட், அதாவது பதிப்பாளர்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதி, மிச்சத்தையும் முடித்தது. போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய நிறுவனங்கள் இவர்கள்மீது மரியாதைக் குறைவு வரும்படி எதையும் காட்டக் கூடாது என்று அதில் எழுத்திலேயே இருந்தது. முதல் இதழின் செனட்டர் கதையை அதற்கப்புறம் கொண்டுபோயிருந்தால் அனுமதி முத்திரை கிடைத்திருக்காது.

சீகல், ஷுஸ்டர் கதி என்ன ஆச்சு? முதல் கதையின் 13 பக்கத்துக்கு, பக்கம் 10 டாலர் வீதம் 130 டாலர். அதற்குள் சூப்பர்மேனின் சகல உரிமையும் அடக்கம். 1947-இல் கோர்ட்டுக்குப் போனார்கள். சுமார் 94,000 டாலரோடு சமரசம். அத்தோடு வேலையும் போச்சு, கதையில் அவர்கள் பெயரும் போச்சு. 1975-இல் சீகல் லாஸ் ஏஞ்சலிஸில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷுஸ்டருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து சூப்பர்மேன் படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்தப் படத்துக்கே சாபம் விட்டு பத்திரிகைகளுக்கு அறிக்கை அனுப்பினார் சீகல். நிஜமான சாபம், படம் விளங்கக் கூடாது என்று. நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் கூட நின்று சத்தம் போட்ட பிறகுதான், சூப்பர்மேன் உரிமையைக் கையில் வைத்திருந்த வார்னர் கம்பெனி ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் கொடுக்கவும், பெயரைத் திரும்பப் போடவும் ஒத்துக்கொண்டது. சூப்பர்மேனுக்கு 130 டாலர் என்று குறித்திருந்த அந்தப் பழைய காசோலை 2012-இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்.

பிளேக்லியின் வசனத்தை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள்.

(சிவகாசிப் புத்தகங்களில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் அந்நியமாக இருக்கலாம். நமக்குத் தமிழில் அதிகம் கிடைத்தது பிரிட்டிஷ், ஐரோப்பியச் சரக்கு. அதன் அரசியல் வேறு, அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.)

1970-இல் அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்க ஒரு முயற்சி நடந்தது. டென்னி ஓ'நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த 'கிரீன் லான்டர்ன்' 76-ஆம் இதழ். மோதிரத்தின் சக்தியால் கிரகம் கிரகமாகக் காவல் காக்கும் ஹீரோ அவன். தெருவில் ஒரு கோட்டுக்காரரை ஒருத்தன் பிடித்துத் தள்ளுகிறான், கிரீன் லான்டர்ன் பாய்ந்து கோட்டுக்காரரைக் காப்பாற்றுகிறான். தெருவே சேர்ந்து அவன்மேல் குப்பையை எறிகிறது. விசாரித்தால், கோட்டுக்காரர் அந்த ஓட்டைக் கட்டடத்தின் சொந்தக்காரர், குடியிருப்பவர்களை வெளியே தள்ள வந்தவர். ஒரு கறுப்பினப் பெரியவர் வந்து கேட்கிறார்: எங்கெங்கோ இருக்கிற கிரகங்களில் நீலத்தோல்காரன், ஆரஞ்சுத்தோல்காரனுக்கெல்லாம் உதவினாயே, கறுப்புத்தோல்காரனை மட்டும் ஏன் மறந்தாய்? பதில் இல்லாமல் தலை குனிகிறான். இந்தப் பக்கத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கதை எப்படி முடிகிறது என்று யாரும் சொல்வதில்லை. கட்டடக்காரர் கைதாகிறார்தான், ஆனால் ஆள் வைத்துக் கொல்லப் பார்த்ததற்காக. ஜனங்களை வெளியே துரத்தியது சட்டப்படி சரி. அதற்கு மோதிரத்தில் சக்தி இல்லை!

அதைவிட எனக்குப் பிடித்தது லூக் கேஜ். 1972-இல் மார்வெல் கொண்டுவந்த ஆள். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலில் இருந்த கறுப்பினத்தவன், பரோலுக்காக மருத்துவப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்து, தோல் இரும்பாகி வெளியே வருகிறான். வந்ததும் செய்யும் முதல் காரியம், காசு வாங்கிக்கொண்டு ஹீரோ வேலை பார்ப்பதற்கு ஆபீஸ் போடுவது. வாடகை கட்ட வேண்டுமே! 1973-இல் ஒரு கதை. லாட்வேரியா நாட்டின் சர்வாதிகாரி டாக்டர் டூம் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டு, கூலி 200 டாலரைக் கொடுக்காமல் ஊருக்குப் போய்விடுகிறான். லூக் கேஜ் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற ஹீரோ கூட்டத்திடம் ராக்கெட்டைக் கடன் வாங்கிக்கொண்டு லாட்வேரியாவுக்கே போய், ஒரு நாட்டின் அதிபதியிடம் பாக்கியைக் கேட்கிறான். இணையத்தில் இதை மீம் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வருகிறது. ராக்கெட்டுக்கு ஆன எரிபொருளே 200 டாலருக்கு மேல் இருக்கும். அதற்காக விட்டுவிட முடியுமா? செய்த வேலைக்குக் கூலி. கூலி பாக்கிக்காகப் படி ஏறி இறங்கிய யாருக்கும் அந்த ஆத்திரம் புரியும். அவன் பேச்சை எழுதிய விதம் இன்று படித்தால் கூசுகிறது, கறுப்பர் பேச்சு என்று வெள்ளைக்காரர்கள் கற்பனை செய்ததுதான் அது. ஆனாலும் உலகத்தைக் காப்பாற்றிய ஆயிரம் கதைகளுக்கு நடுவே, சம்பள பாக்கி வசூலித்த ஒரு கதை இருக்கிறதே.

1986-க்கு வருவோம். அந்த வருஷம் ஜான் பைர்ன் சூப்பர்மேனைப் புதிதாக எழுதியபோது, அதுவரை விஞ்ஞானியாக இருந்த அவனுடைய பரம எதிரி லெக்ஸ் லூதர் பெரும் தொழிலதிபர் ஆனான். ஜனாதிபதி ரீகன் காலத்து அமெரிக்காவுக்குப் பொருத்தமான வில்லன். பிளேக்லி திரும்ப வந்தாச்சு, ஆனால் 1938-இன் சூப்பர்மேன் திரும்ப வரவில்லை. சாட்சி இல்லை, சட்டம் இடம் தராது என்று வெளியே நிற்கிறான். 2000-இல் லூதர் அமெரிக்க ஜனாதிபதியாகவே ஜெயித்தான், அப்போதும் அப்படித்தான்.

அதே 1986-இல் 'வாட்ச்மென்' தொடங்கியது. ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 12 இதழ்கள். எல்லோரும் அதில் வரும் முகமூடிக்காரன் ரோர்ஷாக்கைப் பற்றியே பேசுகிறார்கள். நான் வெய்ட்டைப் பார்க்கச் சொல்வேன். தன் உருவத்தையே பொம்மையாகவும் வாசனைத் திரவியமாகவும் விற்றுப் பணக்காரனான முன்னாள் ஹீரோ. கோடானுகோடிப் பேரைக் காப்பாற்ற லட்சக்கணக்கானவர்களைக் கொல்லலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன். சேரியை இடித்த சூப்பர்மேனின் பேரன் அவன். அந்தப் புத்தகத்துக்கே நேர்ந்ததைக் கேளுங்கள். பதிப்பு நின்றுபோனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்று ஒப்பந்தம். வெளியிட்ட டிசி கம்பெனி பதிப்பை நிற்கவே விடவில்லை. நன்றாக விற்றதாலேயே உரிமை திரும்பவில்லை. மூர் டிசியை விட்டே விலகினார்.

இப்போது 'தி பாய்ஸ்'. கார்த் என்னிஸ் எழுத, டாரிக் ராபர்ட்சன் வரைய, 2006-இல் தொடங்கிய காமிக்ஸ். அதில் என்னைப் பயமுறுத்தியவன் சூப்பர்மேன் மாதிரி சக்தி உள்ள ஹோம்லாண்டர் இல்லை, ஹீரோக்களை வைத்து வியாபாரம் பண்ணும் வாட் அமெரிக்கன் கம்பெனியின் அதிகாரி ஸ்டில்வெல். எந்தச் சக்தியும் கிடையாது. கை நீட்டி ஒரு அடி அடிக்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். விமானத்தையே பிய்த்துப்போடக்கூடிய ஹோம்லாண்டர் அந்த ஆள் முன்னால் அடங்கி உட்காருகிறான். சக்தி யாரிடம், அதிகாரம் யாரிடம் என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். டிவியில் வந்தபோது எடை ஹோம்லாண்டரின் மனக்கோளாறு பக்கம் சாய்ந்துவிட்டது. தாயில்லாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தான், பாசத்துக்கு ஏங்குகிறான், அதனால் கொல்கிறான். நடிப்பு அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கெட்ட மனுஷனைப் பற்றிய கதையை எந்தக் கம்பெனியும் தைரியமாக விற்கலாம். இதைக் காசு போட்டு எடுத்து நமக்கு விற்பது அமேசான் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

சுரங்கத்தில் மணி அடிக்கவில்லை என்றால் பிளேக்லியின் பால்ய காலத்தைத் தோண்ட வேண்டியதில்லை. மணிக்கு ஆகிற செலவு மிச்சம், அவ்வளவுதான் காரணம். சக்தியுள்ளவனின் மனசை ஆராய்ந்து ஆராய்ந்து இந்தக் கணக்கைக் கேட்பதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

ஒரு தகவல். அமெரிக்கச் சட்டப்படி 1938-இல் வெளிவந்த கதைகளின் காப்புரிமை 95 வருஷத்தில் முடிகிறது. 2034 ஜனவரி 1 முதல் அந்த வருஷத்து ஆக்‌ஷன் காமிக்ஸ் கதைகளை யாரும் எடுத்து எழுதலாம், வரையலாம். பறக்கிறவன், கிரிப்டோனைட்டுக்குச் சுருள்கிறவன், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு லூதர் ஆபீஸ் வாசலில் நிற்கிறவன் எல்லாம் பிந்தைய வருஷங்களின் சரக்கு, அவர்களுக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். முதலில் வெளியே வருகிறவன் பறக்கத் தெரியாத ஆள், ஆயுத முதலாளியைப் போர்க்களத்துக்கு அனுப்பியவன், சுரங்க முதலாளியை விருந்தோடு கீழே இறக்கியவன். வரைகிற நண்பர்கள் யாராவது இருந்தால் இப்போதே பென்சிலைச் சீவி வையுங்கள். தொழிற்சங்கத்தையும் உள்ளே சேர்த்து நான் எழுதித் தருகிறேன், பக்கத்துக்கு எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்வோம்.