கேட்டது ஒரு எழுத்து

நேற்று படிப்பகத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் விஷயம் தெரியும். ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்தக் குறுக்கெழுத்து விடைப் பட்டியலுக்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. அதனால் எழுதுகிறேன்.

தினமும் அங்கே குறுக்கெழுத்து போடுகிற சார் கேட்டது ஒரு எழுத்து. விடையை அவர் கேட்கவில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

படிப்பகத்துக்கு வருகிற பேப்பரில் யாரும் எழுதக் கூடாது என்பதால், அவர் தினமும் குறுக்கெழுத்துக் கட்டத்தைக் கணக்கு நோட்டில் வரைந்துகொள்வார். கறுப்புக் கட்டங்களைப் பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்த்து நிரப்பி, நம்பர்களை மூலையில் பொடியாக எழுதி, அதற்கப்புறம்தான் குறிப்புகளைப் படிக்கத் தொடங்குவார். நேற்று அவர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில். இடமிருந்து வலம், குறிப்பு 'யானை', மூன்று எழுத்து. 'களிறு' என்று எழுதியிருந்தார். அந்த 'று' விழுந்த கட்டத்தில்தான் மேலிருந்து கீழாக ஒரு சொல் வந்து முடிகிறது. அதற்குக் குறிப்பு 'கல்யாணம்', ஐந்து எழுத்து. எதைப் போட்டாலும் ஒட்டவில்லை. பக்கத்தில் இருந்த தம்பியிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மக்ளே, இந்த மூணாவது கட்டம் சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லு. விடை சொல்லாண்டாம்."

தம்பி பேப்பரைப் போனில் படம் பிடித்து ஏஐயிடம் கொடுத்தான். இரண்டு நிமிடத்தில் எல்லா விடைகளும் பட்டியலாக குரூப்பில் வந்து விழுந்தன. கூடவே ஒரு வரி, 'இனி யாரும் மண்டையப் போட்டு உடைக்காண்டாம்.' சார் பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டு எழுந்து போனார். அதற்கும் சிரித்தீர்கள்.

அந்த இடத்தில் உதவி என்றால் என்ன என்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு ஐந்து எழுத்தில் என்னென்ன உண்டு? திருமணம், கடிமணம், பரிணயம். மூன்றில் எது என்று தெரியவே வேண்டாம். மூன்றும் 'ம்'மில்தான் முடிகின்றன. அப்படியானால் அந்தக் கட்டம் 'று'வாக இருக்க முடியாது. "சார், கடைசிக் கட்டம் புள்ளி எழுத்து" என்று சொல்லியிருந்தால் போதும். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். மூன்று எழுத்தில், புள்ளியில் முடிகிற யானை 'வேழம்' என்று பத்து விநாடியில் அவருக்கு வந்திருக்கும். அப்படியும் வரவில்லையென்றால், பிள்ளையாருக்கு முகத்தை வைத்து ஒரு பெயர் உண்டே என்று ஒரு கோடு காட்டலாம். அதுவும் போதாவிட்டால் முதல் எழுத்து நெடில் என்று சொல்லலாம். அதற்கப்புறம்தான் எழுத்தைச் சொல்ல வேண்டும். முழுச் சொல்லையும் சொல்வது கடைசிப் படி. அதுவும் அவர் வாய் திறந்து கேட்டால் மட்டும்.

ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு 247. இங்கே ஒரு கட்டத்தில் சரியான எழுத்து விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால்தான் கேட்பவர்கள் ஒரு எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புள்ளி எழுத்து கிடைத்தால் இன்னும் லாபம். க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் தமிழ்ச் சொல்லில் அதே வரிசைதான் வரும்: பக்கம், பச்சை, பத்து, அப்பம். ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராளம். வெட்கம், காட்சி, நட்பு, முயற்சி, கற்பு என்று க, ச, ப வரிசைகளையும் சேர்த்துக்கொள்ளும். 'ர்', 'ழ்' இரண்டும் தன் வரிசையோடு இரட்டிக்காது. பக்தி, சப்தம் மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களில் இந்தக் கணக்கு உடையும், அதையும் நினைவில் வைக்க வேண்டும். சொல் தொடங்குகிற கட்டத்தில் புள்ளி எழுத்து விழுந்தால் குறுக்கே போகிற சொல் தப்பு என்று உடனே சந்தேகப்படலாம். ஆனால் குறிப்பின் கடைசியில் 'கலைந்துள்ளது' (எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன) என்று போட்டிருந்தால் இந்த விதி எதுவும் செல்லாது. பாதிப்பேர் அந்த வார்த்தையைப் படிக்காமலே விட்டுவிட்டு, அச்சுப்பிழை என்று பேப்பர்காரர்களைத் திட்டுகிறார்கள்.

திசையிலும் இப்படித்தான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஆர்தர் வின் போட்ட முதல் புதிரிலிருந்து இன்றுவரை ஆங்கிலத்தில் பொதுவாக இரண்டே திசைதான். நம் பேப்பர்களில் வலமிருந்து இடமும் உண்டு, கீழிருந்து மேலும் உண்டு. வலமிருந்து இடம் என்றால் நம்பர் வலது ஓரக் கட்டத்தில் இருக்கும், அங்கிருந்து எழுத வேண்டும். பழக்கதோஷத்தில் இடப்பக்கமிருந்து எழுதிவிட்டால் குறுக்கே போகிற மூன்று நான்கு சொற்கள் சேர்ந்து கெடும். ஒருவர் உதவி கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சொல் சரியாக இருக்கும், திசை தவறியிருக்கும். "திசையைப் பாருங்கள்" என்பதே முழு உதவி.

அப்புறம் அந்தப் பட்டியல். எல்லாரும் கைதட்டினீர்களே, அதில் கல்யாணத்துக்கு 'விவாகம்' என்று இருந்தது. வி, வா, க, ம். நான்கு எழுத்து. கட்டம் ஐந்து. சிரித்தவர்களில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்குள் 'வி' என்பது வ ஒன்று, மேல்விலங்கு ஒன்று என்று இரண்டாகத்தான் இருக்கும். 'ம்' என்றால் ம ஒன்று, புள்ளி ஒன்று. அந்தக் கணக்கில் விவாகம் ஏழு. கட்டத்தில் நாம் எண்ணுவது எழுத்தை, அது எண்ணுவது வேறு எதையோ. தமிழ்க் குறுக்கெழுத்தை அதனிடம் கொடுத்தால் சறுக்குவதற்கு இது ஒரு காரணம்.

தம்பி நல்ல மனசோடுதான் செய்தான் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நல்ல மனசு இருந்தால் கேட்டதைக் காதில் வாங்க வேண்டாமா? "விடை சொல்லாண்டாம்" என்று அவர் சொன்னது அந்த மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் பேப்பரில் விடை வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். வரும். எந்தக் கட்டத்தில் புத்தி தடம் மாறியது என்பதை அது சொல்லாது.

உதவி கேட்டுப் போட்டால் அது அவர் போட்டதாகுமா என்றும் ஒரு கேள்வி. பரிசுப் போட்டி என்றால் தனியாகத்தான் போட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. தினசரிப் புதிர் அப்படியில்லை. அகராதியைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம். நம் குமரி மாவட்டத்தில் கேட்காமல் நடக்கவும் நடக்காது. 'சாறு பிழிந்தபின் மிஞ்சுவது', மூன்று எழுத்து என்றால் மார்த்தாண்டத்துக்காரருக்குச் சட்டென்று வராது, ஏனென்றால் அவருக்குச் சக்கை என்றால் பலாப்பழம். 'மரவள்ளி' என்று குறிப்பு வந்தால் நம் கை மரச்சீனி என்று ஐந்து கட்டத்தைத் தேடும், புதிர் போட்டவர் மனதிலோ குச்சிக்கிழங்கு இருக்கும், அதற்கு எட்டுக் கட்டம். இந்த இடைவெளியைத் தாண்டத்தான் மனிதர் மனிதரிடம் ஒரு எழுத்து கேட்கிறார்.

ஒரு புதிருக்கு இவ்வளவு நீளப் பதிவா என்று கேட்பீர்கள். நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1க்கு முன்னால், விளவங்கோடு, கல்குளம் பக்கம் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். சாரும் அவர்களில் ஒருவர். முதலில் எழுதிப் பழகியது மலையாள எழுத்து. தமிழில் வேழமும் களிறும் பிடியும் கரியும் தனித்தனி என்று இந்த வயதில் ஒவ்வொரு கட்டமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நோட்டு அதற்குத்தான். ஒரு எழுத்தை மட்டும் கேட்டு, மீதியைத் தானே கண்டுபிடிக்கிற சந்தோஷத்தைத் தனக்கு வைத்துக்கொள்ள நினைத்தார். அதை இரண்டு நிமிடத்தில் பிடுங்கிவிட்டு, அவர் எழுந்து போனதை வேடிக்கை பார்த்திருக்கிறோம். எனக்கு மனசு ஆறவில்லை.

இன்று காலை அவர் வரவில்லை. நோட்டு மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. நேற்றைய கட்டத்தில் 'களிறு' இன்னும் அழிக்கப்படாமல் கிடக்கிறது. யாரும் அதைத் திருத்த வேண்டாம். நாளை அவர் வந்தால், கடைசிக் கட்டம் புள்ளி எழுத்து என்று மட்டும் நான் சொல்லிக்கொள்கிறேன்.