தனியொருவர் உருவாக்கிய விளையாட்டுகளும் விரும்பி ஆடப்படுகின்றன

இன்று மக்கள் விரும்பி ஆடுவன எல்லாம் பெரும் பொருட்செலவில் உருவான, திரைப்படம் போன்ற காட்சிகள் நிறைந்த வீடியோ கேம்களே என்று, அவற்றைப் பட்டியலிட்ட ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சில மாதங்களாக நான் மிகுந்த ஈடுபாட்டுடன் ஆடிவருவது, 2024 பிப்ரவரியில் வெளியான 'பலாட்ரோ' என்னும் சீட்டு விளையாட்டு. அதை வடிவமைத்தவர் ஒரே ஒருவர். போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் வரும் ஜோடி, ஃப்ளஷ் (ஒரே வகைச் சீட்டுகள் ஐந்து) போன்ற சேர்க்கைகளுக்கான புள்ளிகளை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி, ஒவ்வொரு சுற்றிலும் குறித்த இலக்கை எட்ட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆனால், இடையிடையே கடையில் வாங்கும் ஜோக்கர் சீட்டுகள் அந்தக் கணக்கையே புரட்டிப்போடுவதாலும், வழக்கமாக ஐந்து ஜோக்கர்களை மட்டுமே வைத்துக்கொள்ள முடிவதாலும், எதைக் கைவிடுவது என்ற முடிவுதான் ஆட்டத்தின் உயிராகிறது. அதுவரை கைகொடுத்த ஒரு ஜோக்கரை விற்றுவிட்டுப் புதிய ஒன்றை நம்பி இறங்கும் கணத்தின் படபடப்பை எந்தப் பிரம்மாண்டக் காட்சியும் எனக்குத் தந்ததில்லை.

எரிக் பரோன் தனியாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' என்னும் பண்ணை விளையாட்டும் அப்படித்தான். எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், கட்டணமின்றி அதற்குப் பெரியதொரு புதுப்பிப்பு வந்தபோது, பழைய பண்ணையைத் தொடராமல், முதல் விதையிலிருந்து மீண்டும் தொடங்கினேன். ஊராரோடு மெல்ல மெல்லப் பழகும் அந்த நிதானம் இன்றும் சலிக்கவில்லை. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற பெரும் படைப்புகளையும் நான் மனமார ரசித்தவன்தான். ஆயினும், கட்டுரையின் பட்டியலில் 'பலாட்ரோ', 'ஸ்டார்டியூ வேலி' இரண்டுக்கும் இடமளித்திருக்க வேண்டும்.