ரத்தானது சுரங்கமா, என் கூலியா?

அரிட்டாபட்டி கட்டுரைக்குக் காசு வரவில்லை. இனி வரவும் வராது. இந்த வயிற்றெரிச்சலை எங்காவது கொட்டித்தானே ஆகவேண்டும், இங்கே கொட்டுகிறேன்.

2024 நவம்பரில் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததும் ஓர் இணைய இதழில் இருந்து கூப்பிட்டார்கள். நானாகப் போய் வாய்ப்புக் கேட்கவில்லை, அவர்களேதான் கூப்பிட்டார்கள். “அக்கா, நீங்க மதுரைதானே, ஊருக்குள்ள போய் ஒரு கிரவுண்ட் ரிப்போர்ட் வேணும். நல்லா ஆழமா இருக்கணும்.” எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா.” ஆழம் எவ்வளவு என்பதில் அவ்வளவு தெளிவு, தொகை எவ்வளவு என்பதில் மட்டும் ‘பாத்துக்கலாம்’.

போனேன். மாட்டுத்தாவணியில் பஸ், இறங்கியபின் ஆட்டோ. (டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கும் ஒரே மானியம் அதுதான்.) அரிட்டாபட்டி என்ன சாதாரண ஊரா? 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். ஏழு மலை, குடைவரைக் கோயில், தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, சமணர் படுக்கை, பாறைக்குப் பாறை சுனை, மேலே பார்த்தால் வல்லூறு. இதையெல்லாம் இங்கே உட்கார்ந்தபடியே கூகுளில் தேடி எழுதிவிடலாம்தான். ஆனால் கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருத்தி, “நீ எழுதுனா நின்னுருமாத்தா?” என்று கேட்டது கூகுளில் இல்லை. அந்த ஒரு கேள்விக்கு முன்னால் பாதிப் பகல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நோட்டை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். போனில் பதிவு செய்ததை ராத்திரி ஹெட்செட் போட்டு, ஆட்டுச் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எழுத வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு மணி நேரமாவது போகும். இதற்கு யார் கூலி போட்டார்கள்?

அனுப்பினேன். “சூப்பர்க்கா, லீடா வருது” என்றார்கள். அப்புறம் “டெஸ்க்ல இருக்கு.” அப்புறம் “பொங்கல் முடியட்டும்.” 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் கிளம்பிய கூட்டம் தல்லாகுளத்துக்கு வந்து நின்றது. ஊர் ஊராக ஜனம் திரண்டு வந்த அந்த நாளிலாவது போட்டிருக்கலாம். ரீல்ஸ் போட்டார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊரே வெடி போட்டுக் கொண்டாடியது, எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் போன்: “அக்கா, அதான் ரத்தாயிருச்சே, இனிமே அந்த ஸ்டோரிக்கு வேல்யூ இல்லைக்கா.”

பணம்?

“பப்ளிஷ் ஆனாத்தானக்கா பேமெண்ட். அது எங்க பாலிசி.”

புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன டெய்லர் அண்ணன்களிடம் போய், “கல்யாணம் நின்னுபோச்சு, அதனால தையல் கூலி கிடையாது” என்று சொல்லிப் பாருங்கள். கத்தரிக்கோலோடு எழுந்து வருவார்கள். நான் மட்டும் “சரி தம்பி, அடுத்த தடவை பாக்கலாம்” என்று சிரிக்க வேண்டுமாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் பலவற்றில் கேட்டு வாங்கிய கட்டுரையைப் போடாவிட்டால் பேசிய தொகையில் ஒரு பங்காவது கொடுப்பார்கள். இங்கே அதைக் கேட்டால் ‘காசுல குறியா இருக்காங்க’ என்று பெயர் வரும்.

இதற்கு மேல் ஒன்று. அப்பத்தா கேட்ட அந்த வரி அவர்களுடைய வீடியோவில் வந்தது. குரல் வேறு யாருடையதோ, பெயர் வேறு யாருடையதோ. கேட்டதற்கு, “நீங்க எங்களுக்குத்தானே அனுப்புனீங்க, அப்ப அது எங்க கன்டென்ட்” என்கிறார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தை யாராவது இவர்களுக்கு வாசித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் கதை வேறு. சம்பளமே இல்லாமல் எழுதுபவருக்கு எழுத்து அவருடைய சொத்து. உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்தாலும், எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். வாட்ஸ்அப்பில் ‘சூப்பர்க்கா’ என்று ஒரு கட்டைவிரல் போட்டதெல்லாம் பத்திரம் ஆகாது.

காசு தருகிறவர்கள் மட்டும் என்ன யோக்கியம்! இன்னொரு இடத்தில் 1,500 ரூபாய் பேசி 1,350 போட்டார்கள். டிடிஎஸ்ஸாம். 2025 ஏப்ரலில் இருந்து ஒரு நிதியாண்டில் ஐம்பதாயிரத்தைத் தாண்டினால்தான் இந்த மாதிரி கட்டணத்தில் வரி பிடிக்க வேண்டும். அவர்கள் வருடம் முழுக்கக் கொடுத்ததைக் கூட்டினாலும் அதில் கால்வாசி வராது. போகட்டும், பிடித்த 150 ரூபாயாவது என் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அக்கவுண்ட்ஸில் கேட்டால் “ஆடிட்டர் லீவு” என்று பதில். எந்த மாதம் கேட்டாலும் அந்த ஆடிட்டர் லீவுதான்.

“கட்டுரையில என்ன இருக்கு, புத்தகம் போடுங்க” என்று அறிவுரை சொல்கிறவர்களே, அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 250 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். இப்போது பல பதிப்பகங்களில் முந்நூறு பிரதிதான் முதலில் அடிக்கிறார்கள். அத்தனையும் விற்றால் 7,500. கதை என்றால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கலாம். அபுனைவுக்கு ஆவணம் வேண்டும். சிம்மக்கல் நூலகத்துக்கும் நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கும் அலைய வேண்டும். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனுவுக்குப் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டினால் மட்டும் போதாது, நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், அப்புறம் ஜெராக்ஸ், ஆட்டோ. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே அந்த 7,500 கரைந்துபோயிருக்கும். ராயல்டி கணக்கு எப்போது வரும் என்று கேட்டால், “தோழர், உங்ககிட்டயா கணக்குப் பாக்கப் போறோம்” என்று தோளில் கைபோடாத குறையாகப் பேசுகிறார்கள். பாருங்கள் தோழர், கணக்குத்தான் பாருங்கள்!

அதோடு விடுகிறார்களா? தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது, காரில் வந்து இறங்கி, டெல்லி அப்பளம் இரண்டு பிளேட் முடித்துவிட்டு, “உங்க புக் ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, படிச்சிட்டு ஃபேஸ்புக்ல எழுதறேன்” என்கிறார் ஒருவர். அப்பளக்காரரிடம் ‘தின்னுட்டு எழுதறேன்’ என்று சொல்லியிருப்பாரா?

சரி, இனிமேல் என் ஏற்பாடு இதுதான். தொகையைக் கூப்பிடும்போதே சொல்லி மெயிலில் எழுத வேண்டும். போக்குவரத்து, ஜெராக்ஸ் தனி. கட்டுரை கைக்கு வந்த முப்பது நாளில் பணம் வந்தாக வேண்டும், போட்டாலும் போடாவிட்டாலும். நேற்று வேறொரு இதழில் இருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டிருக்கிறார், தோப்பூர் எய்ம்ஸ் பற்றி ‘ஆழமா’ ஒன்று வேண்டுமாம். தம்பி, அதற்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. இந்தத் தகவல் இலவசம். மிச்சத்துக்கு ரேட் சொல்லுங்கள்.