பெயரை மறைத்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்

மார்ச் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் யாரும் சாப்பிட முடியாது. இரண்டு லேப்டாப், கலர் பேனாக்கள், அணிகளின் பிரின்ட்-அவுட் என்று மேசை முழுக்க அதுதான் கிடக்கும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு எந்தெந்த அணிகள் போகலாம் என்று முடிவு செய்ய நிஜத்தில் 12 பேர் கொண்ட தேர்வுக் குழு இருக்கிறது. அதே மாதிரி நாங்களும் 12 பேர், எல்லோரும் வெறும் ரசிகர்கள், சில வருடங்களாக மாதிரிக் குழு நடத்திவருகிறோம். வெள்ளி இரவு ஆரம்பித்தால் ஞாயிறு சாயங்காலம் நிஜப் பட்டியல் டிவியில் வருவதற்கு முன்னால் எங்கள் பட்டியல் முடிந்தாக வேண்டும்.

2025-இல் மொத்தம் 68 அணிகள். கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்பு) சாம்பியன்களாக நேரடியாக நுழைகிறவர்கள் போக, குழு கையில் இருந்தது 37 இடங்கள். அதில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்குச் சண்டையே வராது. கடைசி நான்கைந்து இடங்களுக்குத்தான் ராத்திரி ஒரு மணி வரை தொண்டை கிழியும். இங்கே இதை 'பபிள்' என்பார்கள், எப்போது வேண்டுமானாலும் உடையும் குமிழி.

நிஜக் குழுவில் ஒருவருடைய சொந்தக் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். நாங்களும் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம். ஓஹையோ ஸ்டேட்டில் படித்த நண்பர் அந்தப் பெயர் வந்ததும் எங்கள் குரூப் அழைப்பைக் கட் செய்துவிடுவார், நாங்கள் மெசேஜ் போட்ட பிறகுதான் திரும்ப வருவார்.

நாங்களாகச் சேர்த்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. கடைசி இடங்களுக்கு முதல் ஓட்டு, அணியின் பெயரை மறைத்துவிட்டுத்தான். 'அ', 'ஆ', 'இ' என்று மட்டும் இருக்கும். பக்கத்தில் வெற்றி தோல்வி, நெட் எனும் அதிகாரபூர்வத் தரவரிசை, குவாட் 1 ஆட்டங்களின், அதாவது வலுவான அணிகளோடு ஆடியவற்றின், கணக்கு.

2024-இல் நடந்ததைச் சொல்கிறேன். 'அ' அணி 28 வெற்றி, 6 தோல்வி, நெட்டில் முதல் முப்பதுக்குள். 'ஆ' அணி 23 வெற்றி, 10 தோல்வி, நெட்டில் ஐம்பதாவது இடத்துக்கும் பின்னால். பத்துப் பேர் 'அ' என்றோம். அப்புறம் பெயரைத் திறந்தோம். 'அ' இண்டியானா ஸ்டேட், 'ஆ' வர்ஜீனியா. உடனே இரண்டு பேர் ஓட்டை மாற்றினார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். வர்ஜீனியா 2019 சாம்பியன், பெரிய கான்ஃபரன்ஸ், அனுபவமான கோச் என்றெல்லாம் வாய் தானாகப் பேசியது. திரையில் இருந்த எண்கள் ஒன்றுகூட மாறவில்லை. கடைசியில் எட்டுக்கு நான்கு என்று இண்டியானா ஸ்டேட் எங்கள் பட்டியலில் நுழைந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்த நிஜப் பட்டியலில் வர்ஜீனியா இருந்தது, இண்டியானா ஸ்டேட் இல்லை.

நிஜக் குழுவுக்கும் அந்த வாரம் சுலபமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நார்த் கரோலினா ஸ்டேட் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துத் தங்கள் கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தூக்கி, யாரும் எதிர்பார்க்காமல் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டது. இப்படி வேறு அணிகளும் வந்ததால் பபிள் சுருங்கிப்போனது. வர்ஜீனியா டேட்டன் நகரில் நடந்த முதல் சுற்றிலேயே 67-42 என்று தோற்றதைக் காட்டி 'பார்த்தீர்களா' என்று கேட்கவும் எனக்கு விருப்பமில்லை. 2011-இல் தேர்வானதற்குப் பலரும் திட்டித் தீர்த்த விசியு என்ற கல்லூரி அதே முதல் சுற்றில் ஆரம்பித்து ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகள், வரை போனது. ஆட்ட முடிவு வேறு, தேர்வின் நியாயம் வேறு.

என் வருத்தம் குவாட் 1 கணக்கில்தான் இருக்கிறது. சொந்த மைதானம் என்றால் முதல் 30 அணிகளோடு ஆடினால் குவாட் 1, பொது மைதானத்தில் முதல் 50, எதிரணி மைதானத்தில் முதல் 75. வெளியூரில் போய் ஜெயிப்பது கஷ்டம் என்பதால் இந்த ஏற்பாடு, சரி. ஆனால் சின்னக் கல்லூரியோடு ஆட எந்தப் பெரிய கல்லூரி ஒத்துக்கொள்ளும்? ஜெயித்தால் பெருமை இல்லை, தோற்றால் மானம் போகும். பெரிய கான்ஃபரன்ஸில் இருந்தால் ஜனவரி, பிப்ரவரி முழுக்கத் தங்களுக்குள் ஆடியே குவாட் 1 வாய்ப்பு குவியும். 2025-இல் எஸ்இசி கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14 உள்ளே போனது, அதுவரை இல்லாத எண்ணிக்கை. அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், மறுக்கவில்லை. பரீட்சை எழுதவே விடாமல் மார்க் கேட்டால் எப்படி என்பதுதான் என் கேள்வி.

அதே வருடம் நார்த் கரோலினா (நார்த் கரோலினா ஸ்டேட் வேறு கல்லூரி) குவாட் 1-இல் ஒரு வெற்றி, 12 தோல்வியோடு உள்ளே வந்தது. ஆறு குவாட் 1 வெற்றி வைத்திருந்த வெஸ்ட் வர்ஜீனியா வெளியே நின்றது. குழுவின் தலைவர் நார்த் கரோலினாவின் விளையாட்டுத் துறை இயக்குநர் என்பதால் ஊரே கொந்தளித்தது, வெஸ்ட் வர்ஜீனியா ஆளுநர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு விசாரணை என்று பேசினார். தலைவர் விதிப்படி விலகியிருந்தார் என்று குழு சொன்னது, நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பி என்ன? ஓட்டு ரகசியம். வெளியே இருக்கிற யாருக்கும் காட்ட ஒரு தாள் கிடையாது.

அதனால் நான் கேட்பது இரண்டே விஷயம். கடைசி இடங்களுக்கு முதல் ஓட்டைப் பெயர் இல்லாமல் போடுங்கள். பட்டியல் வந்த பிறகு ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுங்கள். உறுப்பினர்களுக்கு நெருக்கடி வரும் என்றால் அவர்கள் பெயரை எடுத்துவிடுங்கள், எட்டுக்கு நான்கு என்று மட்டும் சொன்னால் போதும். நாங்கள் ஒரு கூகுள் ஷீட்டில் செய்வதை அவர்களால் செய்ய முடியாதா?

2024 ஏப்ரல் 4, இண்டியானாபோலிஸில் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ். உள்ளே விடப்படாத அணிகளுக்கான என்ஐடி இறுதிப் போட்டி. இறுதிக்கு வந்திருந்த இண்டியானா ஸ்டேட்டின் ஊரான டெரெ ஹோட்டிலிருந்து வந்த கூட்டம் அரங்கத்தையே நீலமாக்கியிருந்தது. 1979-இல் கூடைப்பந்து ஜாம்பவான் லாரி பேர்ட் ஆடிய இண்டியானா ஸ்டேட் அணியை ரேடியோவில் கேட்டதாகச் சொன்ன பெரியவர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். நாங்கள் மாதிரிக் குழு நடத்துகிறோம் என்றேன்.

"எங்களை உள்ளே விட்டீங்களா?"

"விட்டோம். முதலில் பத்து ஓட்டு, அப்புறம் எட்டு."

"ரெண்டு ஏன் குறைஞ்சது?"

பெயரைப் பார்த்த பிறகு மாறியது, அதில் ஒன்று என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எங்க பேர்ல என்ன குறை?" என்று கேட்டார். ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. கடைசி நொடிகளில் இரண்டே புள்ளியில் தோற்றார்கள், 79-77. கூட்டம் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, இன்னும் என்னிடம் பதில் இல்லை.