வயலினுக்குச் சரி, மிருதங்கத்துக்கு?

வாத்தியங்களைக் கொண்டுபோகிற பெட்டிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், எந்த வாத்தியமானாலும் ஃபைபர் பெட்டிதான் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். வயலினுக்குச் சரி. ஆனால் முள்ளியவளையிலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் மிருதங்கம் கொண்டு போகிற பிள்ளைக்கு அது சரிவராது. கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெட்டி சீற்றுக்குக் கீழே போகாது, மடியிலும் நிற்காது. கடைசியில் பின்னால் மூட்டைகளோடுதான் கிடக்கும். தோளில் மாட்டுகிற, தடித்த ஸ்பொஞ்ச் வைத்த உறை என்றால் பிள்ளை தன்னோடேயே வைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது வலந்தலை, அதாவது வலது கையால் வாசிக்கிற முகம் வரும் பக்கம் கெட்டியான தட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நல்ல இடி ஒன்று பட்டால் அந்த முகத்தின் நடுவில் இருக்கிற கறுப்புப் பூச்சான கரணை வெடித்து உதிரும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே மழை உறையும் கட்டாயம் வேண்டும். ஈரம் ஏறினால் தோல் இளகி சுருதி இறங்கிவிடும்.

வயலின் பெட்டியில் விலையை விட, உள்ளே வாத்தியம் அசைகிறதா என்பதுதான் முக்கியம். மூடிவிட்டு மெல்ல ஆட்டிப் பாருங்கள், தட்டுப்படுகிற சத்தம் கேட்கக்கூடாது. வில்லைத் தளர்த்தி வையுங்கள். அப்புறம் வெயில்! வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய், பூட்டிய வாகனத்துக்குள் வயலினை விட்டுவிடாதீர்கள். பலகைகளை ஒட்டியிருக்கும் விலங்குப் பசை சூட்டில் இளகும். எவ்வளவு நல்ல பெட்டியும் அதைத் தடுக்காது.

கட்டுரையில் தவிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் கோயில் திருவிழாக்களுக்கு ஊர் ஊராய்ப் போகிற வாத்தியம் அது, தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.