வீட்டில் கிடக்கிற நோயாளிக்கு ராவில் யார்?

புற்றுநோய் முற்றி, "இனி வீட்ட கொண்டு போய் வச்சுப் பாருங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், எங்கட மட்டக்களப்பில் நோயாளி போய்ச் சேருவது பெரும்பாலும் மகளின் வீட்டுக்குத்தான். சீதனமாகக் கொடுத்த வீட்டிலேயே தாயும் தகப்பனும் கடைசிவரை இருப்பது இங்கே வழமை. அந்த மகள் குவைத்துக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போயிருந்தால், பொறுப்பு பள்ளிக்கூடம் போகிற பேத்தியின் தலையில் விழுகிறது.

இவர்களுக்குத் துணையாக வீடுதேடி வருகிற சேவையை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை பேருக்கு மருந்து கட்டினோம், எத்தனை சக்கர நாற்காலி கொடுத்தோம். இந்தக் கணக்கை வைத்து ஒரு சேவையை நல்லதென்று சொல்ல என்னால் முடியாது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் மாமி கிடையாகக் கிடந்தபோது வீட்டிலிருந்த பதிவுக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். "நோயாளி பார்வையிடப்பட்டார். பிறஷர் சாதாரணம்." கீழே கையொப்பம், திகதி. முதல்நாள் ராவு முழுக்க மாமி தலகாணியைக் கடித்துக்கொண்டு கிடந்தது அதில் இல்லை. வந்த தாதி நல்ல பிள்ளை, ஆனால் ராவு எப்படிப் போனது என்று கேட்க அந்தப் பிள்ளையை யாரும் பழக்கவில்லை. மச்சாளும் வாய் திறக்கவில்லை. "வாறவங்களுக்கு ஏன் கரைச்சல் குடுப்பான்" என்றா.

நோவை அளக்க மெஷின் தேவையில்லை. ஒன்றுமில்லை என்றால் பூச்சியம், தாங்கவே ஏலாது என்றால் பத்து, நேற்று ராவு எத்தனை என்று விரலைக் காட்டிக் கேட்டால் எழுத்து வாசனை இல்லாத ஆச்சியும் சொல்லுவா. உலகில் பல நாடுகளில் பாவிக்கிற ஐபொஸ் என்ற கேள்விக்கொத்து இதற்கும் மேலே போகிறது. மனம் அமைதியாக இருந்ததா, வீட்டுக்காரர் உங்களை நினைத்துக் கவலைப்படுகிறார்களா என்று நோயாளியிடமே கேட்கிறது. எங்கட கொப்பியில் இதற்கு இடமே இல்லை.

அடுத்தது மோர்பின். சாதாரண மோர்பின் குளிசையின் வேலை ஏறத்தாழ நாலு மணித்தியாலத்துக்குத்தான். நோவு கூடினபிறகு கொடுக்காமல், நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டிய மருந்து அது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே தொடங்க வேண்டும். இதை யாரும் விளங்கப்படுத்தாததால், "பழக்கமாகிரும்" என்ற பயத்தில் குளிசையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். டொக்டர் எழுதின அளவு வீட்டில் உண்மையில் கொடுபடுகிறதா என்று பார்ப்பதும் மதிப்பீடுதான்.

எனக்குப் பெரிய ஆத்திரம் ராவு விசயத்தில்தான். மூச்சு இழுக்கிறது, சத்தி எடுக்கிறது நிற்கவில்லை, எல்லாம் ராவு ரெண்டு மணிக்குத்தான் நடக்கும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் வீட்டிலேயே கண்மூட ஆசைப்பட்ட மனுசியை அது திரும்பவும் வார்ட்டுக்குத்தான் கொண்டு போகும். வெல்லாவெளிப் பக்கம் யானைக்குப் பயந்து ராவில் றோட்டில் இறங்கவே ஆட்கள் யோசிப்பார்கள். அந்த நேரத்தில் வேண்டியது, "இப்ப அந்தக் குளிசையில ஒண்டு கூடக் குடுங்க, தலமாட்ட உயர்த்தி வைங்க, விடிய நான் வாறன்" என்று போனில் சொல்ல, நோயாளியைத் தெரிந்த ஒரு தாதி. முறை போட்டு மாவட்டத்துக்கு ஒரு நம்பர் வைப்பது ஏலாத காரியமா?

கேரளத்தைப் பாருங்க. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிக்கிற பராமரிப்பை ஊர்த் தொண்டர்கள் வளர்த்தார்கள். 2008இல் அரசு அதைக் கொள்கையாக்க, பஞ்சாயத்துகள் தாதிகளை வீடுகளுக்கு அனுப்பின. எங்கட சுகாதார அமைச்சும் இந்தப் பராமரிப்புக்கு 2019-2023 காலத்துக்கான ஒரு தேசியச் சட்டகம் எழுதியது. அது மாவட்டத்தின் வடக்குக் கோடியில் இருக்கிற வாகரை வரைக்கும் வந்து சேர்ந்ததா என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு.

சேவை எப்படி இருந்தது என்று கேட்க வேண்டியது பராமரித்தவர்களிடம்தான். 31ஆம் நாள் கிரியை முடிந்தபிறகு யாராவது அந்த மகளிடம் போக வேண்டும். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ கணவனை இழந்த மனைவி இத்தாவில் (வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டில் இருக்கிற காலம்) இருந்தால் பெண்ணொருவர் போகலாம். கடைசி வாரம் நோவு அடங்கியிருந்ததா, கூப்பிட்ட நேரம் யாரும் பதில் சொன்னார்களா, நீங்க ஒரு ராவாவது நித்திரை கொண்டீங்களா? இந்த மூன்றையும் வேலை செய்த தாதி கேட்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்து எங்கட சனம் குறை சொல்லாது. வேறு ஆள்தான் போக வேண்டும். வந்த பதில்கள் வீட்டு எண்ணிக்கைக்கு முன்னால், மாதக் கூட்டத்தில் முதலாவதாக வாசிக்கப்பட வேண்டும்.