அவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள்

எரிமலைத் தீவுகளில் வாழ்பவர்கள் ‘ஆபத்து புரியாதவர்கள்’ என்று சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அவர்களை வேறு இடத்தில் குடியமர்த்திவிடலாமே என்று கட்டுரையாளர் கேட்கிறார். தென் அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டன் டா குன்யா தீவில் அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. 1961 அக்டோபரில் ஊரை ஒட்டியே தரை பிளந்து தீக்குழம்பு வழிந்தது. சிங்கி இறால் ஆலை புதைந்தது, படகு ஏற்றும் கரையும் போனது. எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வீடும் வேலையும் கொடுத்தார்கள். 1962 இறுதியில் வாக்கெடுப்பு வைத்தபோது 148 பேர் ஊர் திரும்பவேண்டும் என்றார்கள். மறுத்தவர்கள் 5 பேர்தான்!

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் ஒரு வாரப் பயணம், விமான நிலையம் கிடையாது. அங்கே எரிமலைக் கல்லை அடுக்கிக் குட்டைச் சுவர் எழுப்பி, பேய்க்காற்றுக்கு அணை கட்டி, உள்ளே உருளைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நிலம் ஊர்ப்பொது. ஒரு குடும்பம் எத்தனை ஆடுமாடு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இப்படி வாழத் தெரிந்தவர்களை ‘ஆபத்து புரியாதவர்கள்’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நில அதிர்வைக் கண்காணிக்கும் கருவிகள், தரமான துறைமுகம், அவசரத்துக்கு வந்து சேரும் கப்பல் ஆகியவற்றுக்காகக் கட்டுரையாளர் வாதாடியிருக்கலாம்.